வென்ச்சருக்குப் பிறகு எது?

அன்பின் சிவா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சட்பரியில் படிக்க இடம் கிடைத்தது கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். வீடு திருத்துகிற கதையைப் பிறகு பேசுவோம். யமஹா பனியில் ஓடும் ஸ்னோமொபைல் செய்வதை நிறுத்திவிட்டதே, என் பழைய யமஹா வென்ச்சருக்குப் பிறகு எதை வாங்குவது என்று நீ நாலு பக்கத்துக்குப் புலம்பியிருக்கும் விசயத்துக்கு முதலில் வருகிறேன்.

யமஹா போனது போனதுதான், மச்சான். 1968-இல் முதல் வண்டியை விட்ட கம்பனி, 2023 ஜூனில் இந்தத் தொழிலை விடப்போவதாக அறிவித்தது. ஜப்பானில் 2022 மொடலோடும், ஐரோப்பாவில் 2024 மொடலோடும், இங்கே வட அமெரிக்காவில் 2025 மொடலோடும் முடித்துக்கொண்டது. திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. அதற்காக உன் வென்ச்சரை இந்த மாதமே விற்கவும் ஓடாதே. அது யமஹா தன் கையால் செய்த வண்டி: 1049 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், 151 அங்குல ட்ராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டை), சட்டகம் எல்லாம் ஒரே இடத்துச் சாமான். பாகங்களும் சேவையும் தொடரும் என்று கம்பனி சொல்லியிருக்கிறது. எஞ்சின் வலுவைக் கடத்தும் பெல்ட், ட்ராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடர், சில்லு, ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைட் விளிம்பு எல்லாம் வெளிக் கம்பனிகளும் செய்கின்றன. முதலில் தட்டுப்பாடாகப்போவது எஞ்சின் பாகம் அல்ல. சீட், பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி, முன் கண்ணாடி, வயர் கட்டு என்று அந்த வண்டிக்கே உரிய சாமான்கள்தான். அவற்றில் உனக்குத் தேவையானதை இப்போதே வாங்கி வை.

உன் மைத்துனர் மலிவாகக் கிடைக்கிறது என்று காட்டிய யமஹா சைட்விண்டர் வேறு சங்கதி. 2014-இல் வைப்பர் வந்த காலத்திலிருந்து யமஹா பெயரில் வந்த புது ட்ரெயில் (பனிப்பாதை) வண்டிகள் பலவற்றுக்கு உடம்பு ஆர்க்டிக் கேட் கம்பனியுடையது, எஞ்சின் மட்டும் யமஹாவுடையது. அந்த 998 சிசி டர்போ எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்கீயைத் தாங்கும் ஏ-ஆர்ம் வளைந்தாலோ சஸ்பென்சன் பாகம் உடைந்தாலோ நீ தேடிப் போகவேண்டியது மற்றக் கம்பனியின் சாமானை. அந்த ஆர்க்டிக் கேட்டை அதன் சொந்தக்காரரான டெக்ஸ்ட்ரான் கம்பனி 2025-இல் விற்றுவிட்டது. புது முதலாளிகள் நன்றாக நடத்தட்டும். ஆனாலும் இரண்டு கம்பனியை நம்பி ஒரு வண்டி வாங்குவதற்கு விலை உண்மையிலேயே அடிமட்டமாக இருக்கவேண்டும். அத்தோடு அது தனியாள் வேகமாக ஓடுகிற வண்டி. தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக அதை ஏன்?

நீ வென்ச்சரில் விரும்பியது என்ன என்று யோசித்துப் பார்: அமைதியான நாலு-ஸ்ட்ரோக் எஞ்சின், கலந்து ஊற்றவோ தொட்டியில் நிரப்பவோ டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் தேவையில்லாதது, இரண்டு பேருக்கு இடம். இந்த மூன்றையும் தருகிற வண்டியாக நான் சொல்வது ஸ்கி-டூ கம்பனியின் கிராண்ட் டூரிங், 900 ஏஸ் எஞ்சினோடு. அதுவும் மூன்று சிலிண்டர், 899 சிசி. சாதாரண 900 ஏஸ் ஏறக்குறைய 95 குதிரைவலு. பெற்றோல் செலவு குறைவு, சத்தம் குறைவு, ஆனால் இரண்டு பேரும் சாமான் பெட்டியும் ஏறிவிட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். 130 குதிரைவலு டர்போ உன் பழைய வண்டிக்குக் கிட்ட நிற்கும். என் வாக்கு டர்போவுக்கு. 180 வலுவுள்ள டர்போ ஆர் உனக்கு வீண் செலவு. ஒன்ராறியோவில் ட்ரெயில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர்தானே.

போலாரிஸ் கம்பனியை நான் ஒதுக்கவில்லை. 2021-இல் வந்த மேட்ரிக்ஸ் சட்டகம் இலேசாகத் திரும்புகிறது, 650 பேட்ரியட் நல்ல எஞ்சின். ஆனால் அது டூ-ஸ்ட்ரோக். எண்ணெய்த் தொட்டி, வால்வு சுத்தம், கோடைக்கு நிறுத்தும்போது சிலிண்டருக்குள் எண்ணெய் தெளிப்பது என்று உனக்குப் பழக்கமில்லாத வேலை. ரிவர்ஸ் எடுப்பதும் வேறு விதம். பொத்தானை அமத்தினால் எஞ்சின் வேகம் குறைந்து, அணையப்போகிற நேரத்தில் பற்றவைக்கும் கணத்தை மாற்றிக் கிராங்கையே எதிர்ப்பக்கம் சுழற்றிவிடும். கியர்ப் பெட்டி ரிவர்ஸ் இல்லாததால் கனம் மிச்சம். முதல் தடவை கேட்கிற ஆள் எஞ்சின் செத்துவிட்டது என்றுதான் நினைப்பான். மின்சார வண்டி பற்றி ஒரு வரியில் கேட்டிருந்தாய்: ஸ்கி-டூவின் மின்சார கிராண்ட் டூரிங் ஒரு சார்ஜில் 50 கிலோமீற்றர் அளவுதான். உன் ஓட்டத்துக்குக் காணாது.

ட்ராக் நீளத்தில் கவனம். 151-இலிருந்து 137 அங்குலத்துக்கு இறங்கினால் வளைவில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் குழியில் இரண்டு பேரோடு பின்பக்கம் அதிகம் குதிக்கும். ட்ராக்கில் உள்ள ரப்பர்ப் பற்களின் உயரம் 1.25 அங்குலம் உன் ட்ரெயிலுக்குப் போதும். 1.5-க்கு மேலே போகாதே. கெட்டிப் பனியில் உயரமான பல் மடங்கி மடங்கிச் சூடேறி அடியில் பிளக்கும்.

நிப்பிசிங் ஏரிக்கரையில் இருக்கிற உனக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை குளிர்விப்பு. இந்த வண்டிகளில் டனலின் (சீட்டுக்குக் கீழே ட்ராக்கை மூடியிருக்கும் உலோகக் கூடு) அடியிலேயே வெப்பமாற்றி இருக்கிறது. ட்ராக் வாரி எறியும் பனித்தூள்தான் அதைக் குளிரவைக்கிறது. மொட்டை ஐஸில் எறிய ஒன்றும் இல்லாதபோது கூலன்ட் வெப்பம் ஏறும். அதே நேரத்தில் ட்ராக்கைத் தாங்கும் ரெயிலின் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஸ்லைடருக்கும் ஈரம் கிடைக்காமல் உருகி, ட்ராக்கின் உலோகக் கிளிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். எரிந்த பிளாஸ்டிக் வாசம் வந்தால் அதுதான். வண்டி வாங்கும்போதே ஐஸ் ஸ்கிராச்சர் (ஐஸைக் கீறித் தூள் எழுப்பும் கம்பி) போட்டுத் தரச் சொல். ரிவர்ஸில் உடையாமல் மடங்கும் வகையாகப் பார்த்துக் கேள், இல்லாவிட்டால் முதல் வாரமே ஒன்று முறியும். ஸ்லைடரில் தேய்மான எல்லைக் கோடு இருக்கும், அதைத் தொட்டவுடன் மாற்று.

ட்ராக்கில் ஆணி அடிப்பதா என்று கேட்டாய். ஏரி ஐஸில் நிறுத்துவதற்கு உதவும், ஆனால் ட்ராக் மட்டும் பிடித்து ஸ்கீ பிடிக்காவிட்டால், வளைவில் ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஆணி கூட்டினால் ஸ்கீயின் கார்பைட்டையும் நீளமாகப் போடவேண்டும், டனல் உள்ளே பாதுகாப்புத் தகடும் வேண்டும். உனக்கு நான் சொல்வது பற்களின் நுனியில் சிறு கார்பைட் முனைகள் தொழிற்சாலையிலேயே பதித்து வருகிற ஐஸ் ரிப்பர் ட்ராக். விலை கொஞ்சம் கூட, தலைவலி குறைவு.

பின்சீட்டில் ஆள் இருக்கும்போது பின் ஸ்பிரிங்கை இறுக்க மறக்காதே. பின்பக்கம் அமிழ்ந்தால் ஸ்கீயில் பாரம் குறைந்து, ஆணிக்குச் சொன்ன அதே கோளாறு இங்கேயும் வரும். டீலரிடம் இருவரும் ஏறி இருந்து பார்த்துச் சரிசெய்யச் சொல். பவர் ஸ்டீயரிங் எந்த மொடலில் வருகிறது என்பதையும் கேள். வென்ச்சரில் பழகிய கைக்கு அது இல்லாமல் நாள் முழுக்க ஓடினால் தோள் பேசும்.

புது வண்டியின் முதல் 500 கிலோமீற்றரில் திறாட்டிலை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு போகாதே. வேகத்தை மாற்றி மாற்றி ஓடு. புது பெல்ட்டுக்கும் முதல் 50 கிலோமீற்றர் அதே மரியாதை. பெல்ட் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெல்ட் அல்ல. புதைந்த வண்டியை இறங்கித் தள்ளாமல் திறாட்டிலை அழுத்திக்கொண்டே இருப்பது, அதில் ஒரே இடம் தேய்ந்து பளபளப்பாகிவிடும். அடுத்து, பெல்ட் சுற்றி ஓடும் இரண்டு கிளட்சும் நேர்கோட்டில் இல்லாதது. ஒரு பெல்ட் போனால் கிளட்ச் முகங்களைத் துடைத்து, உள்ளே சிக்கிய நார்களை எடுத்த பிறகுதான் அடுத்ததைப் போடு. ட்ராக்கின் இறுக்கத்தை அளப்பதற்கு ஸ்கி-டூ கைநூல் நடுவில் 7.3 கிலோ பாரம் தொங்கவிட்டு இறக்கத்தைப் பார்க்கச் சொல்லும். மில்லிமீற்றர் கணக்கு மொடலுக்கு மொடல் மாறும், பழைய வண்டியின் எண்ணைப் பாவிக்காதே.

இனி டீலர். பிராண்டைவிட இதில்தான் நீ மினக்கெடவேண்டும். நோர்த் பேயில் இருந்து ஒரு மணிநேரத்துக்குள் போகக்கூடிய இடங்களுக்கு ஒரு சனிக்கிழமை நீயே போய், பார்ட்ஸ் கவுண்டரில் நின்று இந்தக் கேள்விகளைக் கேள்: 900 ஏஸுக்கு பெல்ட் இப்போது கையிருப்பில் உண்டா? பெப்ரவரியில் வண்டி நின்றால் எத்தனை நாளில் பார்ப்பீர்கள்? உங்கள் மெக்கானிக் எத்தனை வருடம் இங்கே இருக்கிறார்? பதில் சொல்லும் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும். விலை பேசும்போது ஏற்றுகூலி, தயார்செய்யும் கட்டணம், 13 வீத எச்எஸ்டி விற்பனை வரி எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகையை எழுத்தில் வாங்கு. நல்ல மொடலும் நல்ல உத்தரவாதமும் வசந்த கால முற்பதிவில்தான் கிடைக்கும். நவம்பரில் போனால் எஞ்சிக் கிடப்பதில் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள்.

இரண்டு டீலரின் விலைத்தாளும் கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு, எதில் என்ன ஒளித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். வென்ச்சரின் ஓட்டக் கிலோமீற்றரையும் எழுது. அதை எவ்வளவுக்கு விடலாம் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரகு