‘ஏதாவது ஒரு பயறு’ போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மூடுபயிர் (இரண்டு போகத்துக்கு நடுவே மண்ணை மூடிவைக்க விதைக்கும் பயிர்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மண் அரிப்பு, ஈரப்பதம், தழைச்சத்து எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் சோயா அறுவடை முடிந்ததும் ‘பயறு வகையில் ஏதாவது ஒன்றை’ விதைக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ‘ஏதாவது ஒன்று’ என்பதில்தான் எனக்குச் சண்டை.

மண்ணில் இருந்துகொண்டு சோயாவின் வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூடு நூற்புழுவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெண் புழு செத்தபின் அதன் உடம்பே தடித்துப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். உள்ளே சில நூறு முட்டைகள். பயிரே இல்லாத மண்ணிலும் அவற்றில் ஒரு பங்கு பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நடுவில் ஒரு போகம் மக்காச்சோளம் போடச் சொல்கிறோம். அதன் வேரில் இந்தப் புழுவுக்குப் பிழைப்பு இல்லை. சரி, அறுவடைக்குப் பின் அந்தத் தட்டைகளுக்கு நடுவே என்ன முளைத்திருக்கிறது என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்?

குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் முளைக்கும் பர்ப்பிள் டெட்நெட்டில், ஹென்பிட் இரண்டும் துளசிக் குடும்பத்துக் களைகள். சோயாவுக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. ஆனாலும் இவற்றின் வேரில் புழு பெருகும், முதல் களையில் ரொம்பவே. கடுகுக் குடும்பத்துப் பென்னிகிரெஸ்ஸும் இடம் கொடுக்கும். மண் வெதுவெதுப்பாக இருந்தால் சுமார் நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். சீக்கிரமே குளிர்ந்துவிட்டால் புழு வளராமல் நின்றுவிடும். ஆகவே களையை விதைப்புக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், முளைத்த சூட்டிலேயே அழிப்பது நல்லது.

மூடுபயிரிலும் இதே கதைதான். வெட்ச் வகைகள் பயறு இனம், தழைச்சத்து தரும், ஆனால் புழுவுக்கும் இடம் தரக்கூடியவை. ரை, ஓட்ஸ் போன்ற புல்லினங்களில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக ரை புழுவைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம். சோறு போடாது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயலில் இருப்பது வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் வேர்முடிச்சு நூற்புழு என்றால் கணக்கே மாறிவிடும். முட்டைக்கூடு புழுவைப் பட்டினி போடும் மக்காச்சோளம் இதில் சில இனங்களுக்கு விருந்து வைக்கும். எந்தப் புழு என்று தெரியாமல் பயிரை மாற்றுவது குருட்டாம்போக்கு.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், செடியைப் பிடுங்கி வேரைக் காட்டி ‘ஒன்றும் இல்லையே’ என்பவர்கள் நிறைய. பிடுங்கினால் எப்படித் தெரியும்? புழு ஒட்டிய நுனிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, எலுமிச்சம்பழ வடிவில் வெள்ளையும் மஞ்சளுமாய் மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான் முட்டைக்கூடு புழு. சோயா வேரில் இயல்பாக இருக்கும், தழைச்சத்து சேர்க்கும் வேர்முண்டு இதைவிடப் பல மடங்கு பெரிது. கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அப்புறம், சோயாவை மட்டும் அலசாமல் பக்கத்துக் களையின் வேரையும் ஒரு தடவை அலசிப் பார்க்கலாம்.

அடுத்த முறை மூடுபயிர் பற்றி எழுதும்போது, எது எந்தப் புழுவுக்கு இடம் கொடுக்கும் என்று ஒரு சின்ன அட்டவணையாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனைக்கூட ஊழியர், தங்கள் வாசகர்