என் மகளை மூன்றாம் வகுப்பில் உட்கார விடுங்கள்: ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளிலும் குடியேற்றச் சட்டங்களைக் கவனிக்கும் குழுவினருக்கும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் விசா விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் வழக்கறிஞரிடமிருந்து ஒரு பதில் வந்தது. மகளைப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தேன். "சேர்க்க வேண்டாம். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்." அவ்வளவுதான். சின்னக் கேள்விக்கும் 'ஒருவேளை', 'சூழ்நிலையைப் பொறுத்து' என்று மூன்று பக்கம் எழுதுகிற மனிதர் அவர். இவ்வளவு தெளிவாக அவர் எதற்குமே பதில் சொன்னதில்லை. அந்தத் தெளிவுதான் என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கிரீன் கார்டு வைத்திருப்பவன். கார்டு கைக்கு வந்த பிறகு ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டேன். மனைவிக்கு அது மறுமணம், மகளோடு வந்தார். மகளுக்கு எட்டு வயது. உங்கள் சட்டப்படியும் அவள் என் பிள்ளைதான். அந்த உறவின் பெயரில்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் ஐ-130 மனுவை வாங்கிக்கொண்டு, கிரீன் கார்டுக்காரர்களின் மனைவி, பிள்ளைகளுக்கான எஃப்-2ஏ விசா வரிசையில் இருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இருவரிடமும் முன்பே எடுத்த பத்தாண்டு விசிட்டர் விசா இருந்தது. விமான நிலைய அதிகாரியிடம் மனைவி எதையும் மறைக்கவில்லை. மனு நிலுவையில் இருக்கிறது, கொடுக்கிற காலம் முடிவதற்குள் திரும்பிவிடுவோம் என்றார். அதிகாரியும் ஆறு மாதம் கொடுத்தார். ஆறு மாதம் என்றால் ஒரு பள்ளி ஆண்டில் பாதிக்கும் மேல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் காலம் முடியும்வரை அவளைப் பள்ளியில் உட்கார விடுங்கள்.

பள்ளிக்கூடம் எங்களை விரட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் இருந்த அம்மா அன்பாகப் பேசினார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, இவ்வளவுதான் கேட்டார். விசாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகளைப் பார்த்து, உனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டு, வகுப்புக்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை அந்த நிறத் தாளிலேயே அச்செடுத்துக் கொடுத்தார். மஞ்சள் தாள். 24 பென்சில், இரண்டு பசைக் குச்சி, அகலக் கோடு போட்ட நோட்டு. அன்று மாலையே மகள் அந்தப் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் வாங்க வைத்துவிட்டாள். வழக்கறிஞரின் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. பென்சில்கள் எல்லாம் சீவிய முனையோடு அப்படியே இருக்கின்றன.

விசிட்டர் விசாவில் வந்தவர் படிப்பில் சேரக்கூடாது என்று சொல்லும் 214.2(பி)(7) விதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, எழுதியவர்களே நீங்கள்தான். மீறினால் அவளுடைய தகுதி நிலை முறியும். நாளைக்குத் தூதரக நேர்காணலில் அது பேசப்படும். அவள் அம்மாவின் மனுவிலும் அதன் நிழல் விழும். ஆனால் இதே விசாவில் வந்தவர் பொழுதுபோக்குக்காகச் சின்ன வகுப்புகளுக்குப் போகலாமாம். வெளியுறவுத் துறையே உதாரணம் தருகிறது: விடுமுறையில் வந்த இடத்தில் இரண்டு நாள் சமையல் வகுப்பு. ஆக, என் மகள் இந்த நாட்டில் பாஸ்தா கிளறக் கற்றுக்கொள்ளலாம், பின்னம் கூட்டத்தான் கற்றுக்கொள்ளக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால் நாட்டுக்கு வரக்கூடிய ஆபத்து என்ன என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

அவள் இப்போது போகிற ஒரே வகுப்பு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் அங்கே எப்படி வருவார்கள் என்று தெரியுமா? இழுத்துக்கொண்டு வர வேண்டும். வாரம் ஐந்து நாள் பள்ளி, சனிக்கிழமை நீச்சல், ஞாயிறும் தமிழா என்று காரிலேயே அழுதுகொண்டு வருவார்கள். என் மகள் மட்டும் காலை ஆறு மணிக்கே பையை மாட்டிக்கொண்டு நிற்பாள், வகுப்பு பத்து மணிக்குத்தான். போன மாதம் ஆசிரியை 'என் பள்ளி' என்று தலைப்புக் கொடுத்து ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். மகள் எழுதியதை நான் இரவில் பார்த்தேன். என் பேருந்தின் எண் 42. எங்கள் வகுப்பில் ஒரு முயல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பீட்சா தருவார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்காருவேன். ஐந்தாவது வரி நினைவில்லை. எல்லாமே மாடி வீட்டுப் பெண் வந்து சொன்ன கதைகள். பேருந்து அவளுடையது, முயலும் அவள் வகுப்பு முயல்தான். ஆசிரியை கீழே 'மிக நன்று' என்று போட்டு ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார். எங்கள் நிலைமை அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நோட்டை மனைவியிடம் நான் காட்டவில்லை. அவருக்கு ஏற்கனவே போதும் போதும் என்றாகிவிட்டது. பகலில் மகளை வெளியே கூட்டிப்போனால் கடையில், பூங்காவில், நூலகத்தில் யாராவது ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டுவிடுகிறார்: இன்றைக்குப் பள்ளி இல்லையா? நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். முதலில் உள்ளதைச் சொல்லிப் பார்த்தார், கேட்டவர்களுக்குப் புரியவில்லை. சட்டப்படி வந்திருக்கிறார்களாம், அதனால் பள்ளிக்குப் போகக்கூடாதாம் என்று அவர்களே குழம்பிப் போனார்கள். இப்போது மூன்று மணிக்குப் பிறகுதான் பூங்கா. பள்ளி விட்ட பிள்ளைகளோடு கலந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு குற்றமும் செய்யாத குழந்தை பள்ளி நேரத்தில் வீட்டுக்குள் இருந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி வருகிற வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் உச்ச நீதிமன்றம் 1982-இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் ஊர்ப் பள்ளி நிர்வாகம், குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டதில் தொடங்கிய வழக்கு அது. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளையைத் தண்டிக்காதே, பள்ளிக் கதவைத் திற என்றது நீதிமன்றம். அருமையான தீர்ப்பு. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, அவர்கள் படிக்க வேண்டும். அந்த அலுவலக அம்மா விசாவைக் கேட்காததற்கும் அந்தத் தீர்ப்புதான் காரணம். ஆனால் என் மகள் நிலையைப் பாருங்கள். கொடுத்த காலம் முடிந்து தங்கிவிட்டால், அவளுக்குக் காப்பாற்றிக்கொள்ள விசா நிலை என்று ஒன்று இருக்காது, பள்ளிக்குப் போவதால் இழப்பதற்கும் ஒன்றும் இருக்காது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பதால் சட்டவிரோதமாகத் தங்கிய நாள் கணக்குகூட அவள் மேல் ஏறாது. ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பப் போகிறாள், அதனால்தான் படிக்க முடியவில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். அப்படியானால் திருத்துவதிலும் தயக்கம் இருக்கக் கூடாது அல்லவா?

வேறு வழி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மாணவர் விசாவா? 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப்-1 மாணவர் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கவே முடியாது. அரசு உயர்நிலைப் பள்ளியில் முழுச் செலவையும் கட்டிவிட்டு அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் படிக்கலாம், அதற்கு அவள் முதலில் வளர வேண்டும். தனியார் பள்ளி என்றால் எங்கள் வாடகையை விடக் கட்டணம் அதிகம். அதைக் கடன் வாங்கிக் கட்டினாலும், மாணவர் விசாவுக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். இங்கே குடியேறத்தான் அவள் பெயரில் மனுவே போட்டிருக்கிறோம். ஊர்ப் பள்ளியின் ஆன்லைன் வகுப்பையும் விசாரித்தேன். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே நடுநிசி நெருங்கிவிடும். நான் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்த வரிசையே வேண்டாம், உண்மைதான். அதற்குக் கார்டு வாங்கி ஐந்தாண்டு ஆக வேண்டும். அதுவரை மூன்றாம் வகுப்பு காத்திருக்குமா?

விடுமுறையில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். போகலாம், குடும்பம் என்பது விடுமுறைக்கு மட்டும் என்றால்.

இதே ஊரில், இதே குடியிருப்பில், ஹெச்-1பி விசாவில் வேலை செய்யும் ஒருவர் போன வருடம் திருமணம் செய்துகொண்டார். ஹெச்-1பி ஊழியர்களின் குடும்பத்துக்கென்று இருக்கும் ஹெச்-4 விசாவில் மனைவி வந்துவிட்டார். அவருக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் வந்து இறங்கிய வாரமே பள்ளியில் சேர்ந்திருக்கும், ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். சில வருடங்களுக்கு வேலைக்கு வந்தவர் குடும்பத்தோடு இருக்கலாம். நிரந்தரமாக வாழ அனுமதி வாங்கியவன் வரிசையில் நிற்க வேண்டும். கிரீன் கார்டு வருவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடு என்று இங்கே தமிழ்ப் பையன்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இதனால்தான் பிறந்தது. ஜாதகம் பார்த்து முகூர்த்தம் வைத்த காலம் போய், இப்போது விசா புல்லட்டினைப் பார்த்து வைக்கிறோம்.

அந்தப் புல்லட்டினைப் பற்றியும் நாலு வார்த்தை. எந்தத் தேதிவரை மனு போட்டவர்களுக்கு இப்போது விசா என்று வெளியுறவுத் துறை அதில் மாதா மாதம் வெளியிடுகிறது. 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை எஃப்-2ஏ பிரிவில் வரிசையே இல்லை, மனு ஏற்கப்பட்டால் நேரே நேர்காணல். 2023 ஏப்ரலில் தேதி பின்னால் ஓடிவிட்டது. இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 88,000 விசா என்பது காங்கிரஸ் வகுத்த வரம்பு. கணவன் மனைவியையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொள்ள ஒதுக்கீடு வைத்த நாடு, குடும்ப விழுமியங்களைப் பற்றித் தேர்தலுக்குத் தேர்தல் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு... சரி, அதை இங்கே விட்டுவிடுகிறேன். வரம்பை உயர்த்தச் சொல்லி நான் எழுத வரவில்லை, அதற்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது ஒரு நாற்காலியும் மேசையும்தான்.

அதைக் கொடுப்பது புதுமையும் இல்லை. 2000 டிசம்பரில் லைஃப் சட்டத்தின் மூலம் நீங்களே வி விசா என்று ஒன்றைக் கொண்டு வந்தீர்கள். கிரீன் கார்டுக்காரர்களின் மனைவியும் பிள்ளைகளும் வரிசையில் மூன்றாண்டு காத்திருந்தால், இங்கேயே வந்து சேர்ந்திருந்து காத்திருக்கட்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் 2000 டிசம்பர் 21-க்குள் மனு போட்டவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு மனு போட்ட குடும்பங்களுக்குப் பிரிவு வலிக்காது என்று முடிவு செய்தீர்களோ என்னவோ. வடக்கே கனடாவில் சிறுவர்கள் பள்ளியில் படிக்கத் தனி அனுமதியே வேண்டாம். வேலைக்கோ படிப்புக்கோ அனுமதி இல்லாத தற்காலிகப் பயணிகளின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே இந்தச் சலுகை இல்லை. அந்த நாட்டுப் பள்ளிகள் இதனால் இடிந்து விழுந்துவிடவில்லை.

செலவு உங்கள் கவலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பள்ளிக்குப் போகும் சொத்து வரி நான் கொடுக்கும் வாடகைக்குள் ஏற்கனவே இருக்கிறது. அது போதாது என்றால், உயர்நிலைப் பள்ளி எஃப்-1 மாணவரிடம் வாங்குவதுபோல ஒரு பிள்ளைக்கான முழுச் செலவையும் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி தனியார் பள்ளி அளவுக்குக் கேட்காது, எப்படியாவது கட்டிவிடுவோம். பள்ளியில் சேர்ந்ததைக் காட்டித் தங்கும் காலத்தை நீட்டக் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கக் கொடுத்த கடைசி நாளைக் காட்டும் ஐ-94 பதிவின் தேதி வரும் அன்று அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

முடிந்தால் வி விசாவின் கடைசித் தேதியை நீக்கி, அதற்கு மீண்டும் உயிர் கொடுங்கள். அதற்குக் காங்கிரஸில் காலம் பிடிக்கும் என்றால், 214.2(பி)(7) விதியில் மட்டும் ஒரு வரி சேருங்கள்: பெற்றோரில் ஒருவர் இந்நாட்டின் நிரந்தரவாசியாக இருந்து, குடும்ப மனு நிலுவையில் உள்ள பிள்ளை, சட்டப்படி இங்கே தங்கியிருக்கும் நாள்வரை பள்ளியில் படிக்கலாம், அது விதிமீறல் ஆகாது. அதற்கு வாக்கெடுப்புகூடத் தேவையில்லை, விதியை எழுதிய துறையே திருத்தலாம். அந்த வரி வரும்வரை, பள்ளிக்குப் போனதை ஒரு குழந்தையின் விசாவுக்கு எதிராகக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று தூதரகங்களுக்கும் விமான நிலைய அதிகாரிகளுக்கும் ஓர் அறிவுறுத்தலாவது அனுப்புங்கள்.

பள்ளி அலுவலகம் எங்கள் படிவத்தை இந்த மாதக் கடைசிவரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதற்குள் உங்களிடமிருந்து பதில் வந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
எஃப்-2ஏ வரிசையில் மனைவியையும் மகளையும் நிறுத்தியிருக்கும் ஒரு கிரீன் கார்டுக்காரர்