உரைத்தும், உரைத்தாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலரா அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். விஷயம் வலுவாக இருக்கிறது. படிக்கிறவர் வழி தவறும் இடங்கள்தான் சில இருக்கின்றன; அவற்றைப் பற்றி மட்டும் இதில் எழுதுகிறேன். எழுத்துப்பிழைகளை ஓரத்தில் குறித்துத் தனியே அனுப்புகிறேன். மெய்ப்பு பார்த்தே காலம் கழித்தவனுக்கு அந்தப் புத்தி எங்கே போகும்?

"இந்த அத்தியாயத்தில் காலராவின் வரலாறு, பரவும் விதம், தடுப்பு முறைகள் ஆகியவை குறித்துக் காண்போம்" என்று தொடங்கியிருக்கிறாய். தப்பில்லை. ஆனால் பொருளடக்கத்தில் இருப்பதற்கு மேல் இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே நீ செய்திருப்பதோ வேறு. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், நோய் தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஆதாரத்தோடு சொன்னார்; கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பியிருந்தவர்கள் அதை ஏன் ஏற்கவில்லை என்று கேட்டுக் காரணங்களை எடுத்து வைக்கிறாய். அந்தக் கேள்வியையே முதல் பத்தியில் வைத்துவிடு. "ஸ்நோவை ஏன் நம்பவில்லை? காரணங்கள் மூன்று." அவ்வளவு போதும், "காண்போம்" தானாக உதிர்ந்துவிடும்.

மூன்று என்று சொன்னால் அப்புறம் மூன்றும் வர வேண்டும், வந்தது தெரியவும் வேண்டும். "முதலாவதாக" இருக்கிறது, "இரண்டாவதாக" இருக்கிறது. மூன்றாவது காரணம், அதாவது தண்ணீரில் இருப்பது இன்னதுதான் என்று அவரால் கண்ணுக்குக் காட்ட முடியவில்லை என்பது, ஒரு நீண்ட பத்தியின் நடுவில் பதுங்கிக் கிடக்கிறது. எண்ணிக்கொண்டே வந்தவர் அங்கே தடுமாறுவார்.

நன்னூலில் நூல் எழுதுவதற்கான 32 உத்திகள் வருமே, நினைவிருக்கிறதா? பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற பட்டியல்தான். அதில் இதெல்லாம் இருக்கிறது. எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவது நுதலிப் புகுதல். பின்னால் சொல்வோம் என்பது உரைத்தும் என்றல். முன்பே சொன்னோம் என்பது உரைத்தாம் என்றல். பவணந்தியார் இவற்றை உத்தி என்று வைத்தார். அதே நூலின் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' என்று ஒன்றையும் வைத்தார். முன்பு சொன்ன இடத்தை விரலால் சுட்டிவிட்டு நகர்ந்தால் உத்தி. அங்கேயே உட்கார்ந்து மறுபடி சொன்னால் குற்றம். நீ பல இடங்களில் "ஏற்கெனவே குறிப்பிட்டதுபோல" என்று ஆரம்பித்து, குறிப்பிட்டதை முழுக்கத் திரும்பவும் எழுதியிருக்கிறாய். மேடையில் பேசுகிறவருக்கு அது வேண்டும், கேட்கிறவரால் பக்கத்தைத் திருப்ப முடியாது. புத்தகத்தில் வேண்டாம்.

இன்னொன்று, "மேலே", "முந்தைய பக்கத்தில்" என்ற சொற்களை நம்பாதே. அச்சகத்தில் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசி நேரத்தில் ஒரு படத்தைச் சேர்ப்பார்கள், பத்திகள் நகரும், "எதிர்ப்பக்கத்தில் உள்ள வரைபடம்" இரண்டு பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். "அடிகுழாய்க் கைப்பிடி விவகாரத்தில் பார்த்தபடி" என்று பொருளைச் சொல்லிக் காட்டினால் எங்கே நகர்ந்தாலும் பிழையில்லை.

சரி, அந்தக் கைப்பிடிக்கே வருகிறேன். எனக்கு அதிகம் உறுத்திய இடம் அதுதான். "ஸ்நோ சொன்னதைக் கேட்டு பிராட் தெருவில் இருந்த அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆகவே நோய் நின்றது" என்று எழுதியிருக்கிறாய். கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. அதற்கு முன்பே பலர் அந்தப் பகுதியை விட்டு ஓடிவிட்டார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது. கழற்றிய நேரத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நோயின் விஷம் இன்னும் இருந்ததா, முன்பே போய்விட்டதா என்று முடிவு சொல்ல இயலாது என ஸ்நோவே எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லாத ஒன்றை உன்னுடைய "ஆகவே" சொல்லிவிட்டது! தகவல் ஒவ்வொன்றும் சரி, அவற்றை இணைத்த சொல் பொய். அந்த இடத்தில் "ஆனால் அதற்குள்ளாகவே" என்று போட்டுப் பார், பத்தி வேறு பக்கம் திரும்பும். ஸ்நோவின் நேர்மையும் அதில் தெரியவரும். "ஆகவே", "எனவே", "இதனால்" வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, முன்னால் இருப்பது பின்னால் வருவதற்கு உண்மையிலேயே காரணம்தானா என்று கேள். இல்லையென்றால் சொல்லை மாற்று. சில இடங்களில் சொல்லை எடுத்துவிட்டாலே போதும்.

எதிர்த்திசையில் திரும்பும்போது மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. ஆமாமா இல்லையா என்று தெரியவே முற்றுப்புள்ளி வரை போக வேண்டும். உன் வாக்கியங்கள் வேறு நீளம். "ஆனால்", "இருந்தாலும்" முன்னாலேயே நின்றால் படிக்கிறவர் தயாராகிவிடுவார்.

பரிமேலழகர் உரையை எடுத்துப் புரட்டிப் பார். வான்சிறப்பு தொடங்கும் இடத்தில், கடவுள் வாழ்த்துக்குப் பின் மழை ஏன் வருகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, "அதிகார முறைமையும் இதனானே விளங்கும்" என்று முடித்துவிடுவார். குறள்களுக்கு நடுவே ஒரு பகுதி முடிந்ததும், இத்தனை பாட்டாலும் இன்னது கூறப்பட்டது என்பார். அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கைகாட்டி மரம் திருப்பத்தில் நின்றால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு கடன் பாக்கி. நாலாம் பக்கத்தில் "ராபர்ட் கோக் 1884-இல் கிருமியைப் பிரித்தெடுத்த கதையைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்" என்கிறாய். அத்தியாயம் முழுக்கத் தேடினேன், கோக் வரவே இல்லை. மூன்றாவது காரணத்துக்கு உண்மையான பதில் அவரிடம்தான் இருக்கிறது, அதனால் அங்கேயே அவரைக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். அடுத்த அத்தியாயத்துக்கு வைத்திருக்கிறாய் என்றால் "அடுத்த அத்தியாயத்தில்" என்று திருத்திவிட்டு, அதையும் எழுதியதும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா