இரண்டு வரியில் முடிந்த ஸ்பீகல்

ஆசிரியருக்கு,

உலக வார இதழ்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' இரண்டு வரியில் முடிந்துபோனது ஏமாற்றமளித்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், 1946இல் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தொடங்கிய வார இதழ் ஒன்று, தொடங்கியவர்களையே விமர்சித்ததால் கைகழுவப்பட்டது. அதை 23 வயது ருடால்ஃப் ஆக்ஸ்டைன் 1947 ஜனவரியில் ஸ்பீகலாக வெளியிட்டார். நேச நாடுகளுக்கு இப்படியும் ஒரு பிள்ளை!

1962 அக்டோபரில், மேற்கு ஜெர்மனி ராணுவத்தின் ஆயத்தமின்மையை இதழ் அம்பலப்படுத்தியது. தேசத்துரோகம் என்று சொல்லி, போலீசார் ஹாம்பர்க் அலுவலகத்தை வாரக்கணக்கில் ஆக்கிரமித்துக்கொண்டார்கள். ஆக்ஸ்டைன் 103 நாள் சிறையில் இருந்தார். ஆனாலும் இதழ் நிற்கவில்லை. அதே கட்டடத்திலிருந்த பிற பத்திரிகைகள் அறைகளைக் கொடுத்து உதவின. போட்டியாளர்கள் இப்படிக் கைகொடுத்ததைத்தான் கட்டுரையாளர் முதலில் எழுதியிருக்க வேண்டும். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்திய பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ராஸ் பதவியை இழந்தார். 1965இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே ஏற்கவில்லை.

இதே இதழின் நிருபர் ரெலோட்டியஸ் செய்திகளைப் புனைந்து எழுதியது 2018இல் வெளிவந்தது. சந்தேகம் எழுப்பிய சக நிருபரை நிர்வாகம் முதலில் நம்பவில்லை. அதற்கும் கட்டுரையில் இடம் கொடுத்திருக்கலாம்.

- ஒரு வாசகர், மதுரை