வீட்டு அடுப்புக்கும் அனுமதி கொடுங்கள்

ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவில் வீட்டுச் சமையலறையிலேயே சிறு உணவகம் நடத்துவோர் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2018-இல் நிறைவேறிய சட்டம் இதற்கு வழி திறந்தது. ஆனால் அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியின் நிர்வாகத்திடமும் விட்டுவிட்டது. ரிவர்சைடு 2019-இல் முதலில் ஏற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் ஏற்க 2024 ஆனது. இன்னும் பல கவுண்டிகள் தயங்குகின்றன. சுகாதாரம்தான் கவலை என்றால், சமையலறை ஆய்வு, உணவுப் பாதுகாப்புத் தேர்வு, ஒரு நாளைக்கு 30 சாப்பாட்டுக்கு மேல் கூடாது, அன்று சமைத்ததை அன்றே விற்க வேண்டும் என்று சட்டமே கட்டுப்பாடு விதித்திருக்கிறதே!

நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்டில் ஆப்கானியக் குடும்பங்கள் அதிகம். எங்கள் தெருமுனையில் அப்படி உரிமம் பெற்ற ஓர் அம்மாவிடம் வெள்ளிக்கிழமைதோறும் போலானி வாங்குகிறோம். உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி அது. சூடாகச் சாப்பிட வேண்டும். முதலில் வெறும் தலையசைப்புதான். இப்போது என் மாமியாரும் அவரும் பொது மொழி இல்லாமலே, கை சாடையில் புதினாத் துவையல் பக்குவம் பேசிக்கொள்கிறார்கள். கடை வாடகை கொடுத்து அவரால் தொழில் தொடங்கியிருக்கவே முடியாது. மீதமுள்ள கவுண்டிகளும் தாமதிக்காமல் அனுமதிக்க வேண்டும். அப்புறம், விண்ணப்பப் படிவங்கள் ஸ்பானிஷ், வியட்நாமியம், ஆப்கானியர் பேசும் தாரி போன்ற மொழிகளிலும் கிடைக்க வேண்டும். முதல் ஆண்டு உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் இன்னும் பலர் துணிந்து வருவார்கள்.

- ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட்