லாஸ் காசாஸுக்கு முன்பே எழுந்த குரல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளிவந்த, பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கப் பூர்வகுடிகளின் உரிமைக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அந்தப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவியைத் தமிழில் அறிமுகப்படுத்தியமைக்கு நன்றி. ஆனால் கட்டுரை அவரைப் பிறவியிலேயே நீதிமானாகக் காட்டிவிட்டது. நெடுங்காலம் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில், தம் பிழைகளைத் தம் கையாலேயே எழுதிவைத்த ஒருவருக்கு இது நியாயம் செய்வதாகாது என்று கருதுகிறேன்.

1502-இல், ஸ்பானியர் ஆண்ட கரீபியத் தீவான இஸ்பானியோலாவுக்கு வந்த லாஸ் காசாஸ், குடியேறிய ஸ்பானியர்களுக்குப் பூர்வகுடிகளைப் பங்கிட்டுக் கொடுத்த என்கோமியெண்டா முறைப்படி தமக்கு ஒதுக்கப்பட்ட பூர்வகுடிகளின் கட்டாய உழைப்பில் வாழ்ந்தவர். குருப்பட்டம் பெற்ற பிறகும் அவர்களை அவர் விடுவிக்கவில்லை. முதற்குரல் எழுந்தது வேறு இடத்திலிருந்து. 1511 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை, அத்தீவின் சாண்டோ டொமிங்கோ நகரில், கொலம்பஸின் மகனும் ஆளுநருமான தியேகோ கொலோன் உள்ளிட்ட பெரிய மனிதர்கள் அமர்ந்திருந்த கோவிலில், அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி மறையுரை ஆற்ற ஏறினார். "இவர்கள் மனிதர்கள் இல்லையா? இவர்களுக்குப் பகுத்தறியும் ஆன்மா இல்லையா?" என்று பூர்வகுடிகளைக் குறித்துக் கேட்டார். கொதித்தெழுந்தவர்கள் மடத்துக்கே சென்று, அவர் தம் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மடத்தின் தலைவர் பேத்ரோ தெ கோர்தோபா அசைந்துகொடுக்கவில்லை. அந்த உரையைத் துறவிகள் அனைவரும் சேர்ந்தே தயாரித்து, கையெழுத்தும் இட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு மன்னிப்பை எதிர்பார்த்து வந்து நிறைந்த கூட்டத்திடம், பூர்வகுடிகளை ஒடுக்குவோருக்கு இனிப் பாவமன்னிப்பு தரமாட்டோம் என்று மொந்தேசினோஸ் இன்னும் கடுமையாகச் சொன்னார்.

இதற்குப் பிறகும் லாஸ் காசாஸ் மாறிவிடவில்லை என்பதைத்தான் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். பூர்வகுடிகளை வைத்திருந்த காரணத்துக்காகவே ஒரு டொமினிக்கன் துறவி அவருக்குப் பாவமன்னிப்பு மறுத்தார். அப்போதும் அவர் வாதாடினாரே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் கியூபாவில் படையெடுப்பின் படுகொலைகளை நேரில் கண்டார். 1514-இல், மறையுரைக்காக விவிலியத்தின் சீராக்கின் ஞான நூலைப் புரட்டியபோது, ஏழையின் பிழைப்பைப் பறிப்பது கொலைக்குச் சமம் என்று கூறும் 34-ஆம் அதிகாரத்தில் அவர் கண் நின்றது. அதன்பின் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த பூர்வகுடிகளைத் துறந்தார்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க, அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இலும் அதை அடுத்தும் பரிந்துரைத்தவர் இவரே. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கர்களைப் பிடித்த விதத்தைப் பின்னாளில் அறிந்ததும், அவர்களை அடிமையாக்கியதும் அதே அளவு அநீதி என்று உணர்ந்தார். தம் அறியாமை கடவுளின் தீர்ப்பில் தம்மைக் காப்பாற்றுமா என்பதே உறுதியில்லை என்று தம் 'இந்தியத் தீவுகளின் வரலாறு' (அமெரிக்கப் பகுதிகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) நூலில் எழுதினார். இந்த வரியைப் படித்த பிறகுதான் அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது. மொந்தேசினோஸின் உரை இன்று நமக்குக் கிடைப்பதும் அதே நூலின் வழியாகத்தான். அதுவோ 1875-இல்தான் அச்சேறத் தொடங்கியது.

பூர்வகுடிகளைக் காக்க ஸ்பானிய அரசு 1542-இல் இயற்றிய புதிய சட்டங்களையும், அவர்கள் மீதான போரை நியாயப்படுத்திய அறிஞர் செபுல்வேதாவுடன் 1550-இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் தொடங்கிய விவாதத்தையும் கட்டுரை விரிவாகவே சொல்கிறது; அவற்றில் எனக்கு மறுப்பில்லை. தொடரின் அடுத்த பகுதியிலாவது அந்த டிசம்பர் உரையின் முக்கியப் பகுதியைத் தமிழில் தந்து, அதில் கையெழுத்திட்ட சிறிய துறவிகள் குழுவைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டுக்கல்