என் கால் எத்தனை வாட் மிதிக்கிறது? இ-பைக் மோட்டார் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மோட்டார் பொருத்திய இ-பைக்கை, அதாவது நாம் மிதிக்க மிதிக்க மோட்டாரும் சேர்ந்து தள்ளும் சைக்கிளை, எட்டு மாதமாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஜெர்மன் மொழியில் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே பதில்: "திரையில் காட்டப்படும் அளவு வழிகாட்டுதலுக்கு மட்டுமே." அதனால் இந்த முறை தமிழில், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இந்த ஊர் வண்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். கோவையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் உண்டு, இங்கேயே குடிவந்துவிட்டவர்களும் உண்டு. யாராவது ஒருவர் இதைப் படித்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

கேட்பது ஒன்றுதான். நான் மிதிக்கும் திறனை வாட் கணக்கில் திரையில் காட்டுகிறீர்கள். அந்த எண் எவ்வளவு சரி என்று சொல்லுங்கள். அதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி கொடுங்கள்.

எனக்குப் போன குளிர்காலத்தில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று வாரம் மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தேன். அங்கே தினமும் காலையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிளில் உட்கார வைத்து, வாட் கணக்குப் பார்த்துத்தான் மிதிக்க விடுவார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது: 80 வாட்டில் மிதியுங்கள், இப்போதைக்கு 100-ஐத் தாண்ட வேண்டாம்.

"நாடித் துடிப்பைப் பார்த்து ஓட்டலாமே, வாட் எதற்கு?" என்று உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் போனில் கேட்டார். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பிடிகொடுக்காது. இதயம் வேகமாகத் துடிக்காமல் மருந்து பிடித்து வைத்திருக்கும். நான் மூச்சிரைத்து நிற்கும்போதும் கைக்கடிகாரம் 105 என்று சாந்தமாகக் காட்டும். துடிப்பு ஏமாற்றும், வாட் ஏமாற்றாது என்பதால்தான் அந்த மருத்துவமனையில் வாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் விற்பனைக் கையேட்டில் "உங்கள் சொந்தத் திறன், வாட்டில்" என்று பெரிய எழுத்தில் பார்த்தேன். மற்ற வண்டிகளைவிட விலை கூடுதலாக இருந்தும் இதை வாங்கியதற்குக் காரணம் அந்த ஒரு வரி.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரி ஊர். நடுவில் பள்ளம், சுற்றிலும் மேடு. இங்கே மரியன்பிளாட்ஸில் இருந்து டெகர்லோஹுக்குப் பல்சக்கர ரயிலே விட்டிருக்கிறார்கள். இரண்டே கால் கிலோமீட்டருக்குள் 205 மீட்டர் ஏறும், சைக்கிள்களை ஏற்ற முன்னால் தனிப் பெட்டி உண்டு. என் வீட்டுக்குப் போகிற வழி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறுகிறது. இரண்டாவது வளைவு வந்ததும் உங்கள் திரையில் எண் எகிறும். 86, 112, 94, 131. நான் மிதிப்பதில் மாற்றம் இல்லை, எண் மட்டும் குதிக்கும். 100-க்கு மேலேயே நின்றுவிட்டால் பயம் வந்துவிடும். இறங்கி, 26 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவேன். தள்ளும்போது மோட்டார் உதவ ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனால் அதை அழுத்திய விரலை எடுக்கவே கூடாது. குளிரில் கையுறையோடு அதை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறுவேன். மிதித்திருந்தால் இதைவிடச் சுலபமாக ஏறியிருப்பேன். வாரத்தில் நான்கு நாள், எட்டு மாதம் இப்படி. நான் பார்த்த அந்த எண் சரியா தவறா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

அக்டோபரில் பரிசோதனைக்குப் போனேன். உங்கள் ஆப்பில் பதிவானதை டாக்டரிடம் காட்டினேன். 40 நிமிடப் பயணம், என் சராசரி 97 வாட் என்று இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "80 என்றுதானே சொன்னேன்?" என்றார். பிறகு சைக்கிளில் ஏற்றி ஈசிஜி எடுத்தார்கள். 25 வாட்டில் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 25 கூட்டுவார்கள். 100 வந்தது. ஒரு நிமிடம்கூட என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டார்கள். 97 வாட்டில் 40 நிமிடம் மேடேறுகிறவளால் 100 வாட்டில் ஒரு நிமிடம் மிதிக்க முடியாதா? அந்த மருத்துவமனை சைக்கிளின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அடுத்த அளவுச் சோதனை எந்த மாதம் என்று. நோயாளிகளை ஏற்றி மிதிக்க வைக்கும் சைக்கிளை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதித்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். உங்கள் திரையில் அப்படி ஒன்றும் இல்லை. நான் எதை நம்ப வேண்டும்?

"இனிமேல் அந்த எண்ணைப் பார்க்காதீர்கள், மேடேறும்போது வாய்விட்டுப் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது திராட்சைத் தோட்டத்து மேட்டில் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஏறுகிறேன். விலை கொடுத்து வாங்கிய சென்சார் காலடியில் இருக்கும்போதே.

எங்கள் மாடி வீட்டுப் பையன் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவன். அவனிடம் வாட் அளக்கும் பெடல் ஜோடி ஒன்று இருக்கிறது. பிழை ஒரு சதவீதத்துக்குள் என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பெடலில் இருக்கும் அளவிக்குக் காலின் அழுத்தம் மட்டுமே தெரியும். பின்சக்கர அச்சில் வைத்து அளந்தால் காலும் மோட்டாரும் சேர்ந்து வந்துவிடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் அதை என் வண்டியில் மாட்டி அதே மேட்டில் மூன்று முறை ஏறினான். மூன்று முறையும் பெடல் கணக்குப்படி சரியாக 100 வாட். மோட்டார் உதவி இல்லாமல் ஏறியபோது உங்கள் திரை 106 காட்டியது. மோட்டார் குறைவாக உதவும் ஈகோ நிலையில் 121. அதிகமாக உதவும் டர்போ நிலையில் 143. கால் ஒன்றுதான், மிதி ஒன்றுதான். மோட்டார் கூட உழைக்க உழைக்க என் கணக்கு ஏறுகிறது.

ஒரே மாதிரியாகப் பத்து சதவீதம் கூட்டிக் காட்டினால் மனதுக்குள் கழித்துக்கொண்டு போய்விடுவேன். இது அப்படி இல்லை. நான் பொறியாளர் இல்லை, சேலத்தில் இயற்பியல் படித்தவள். எனக்குத் தோன்றுவதைக் கேட்கிறேன். மோட்டார் செயினை இழுக்கும்போது பெடல் அச்சிலும் பேரிங்கிலும் ஒரு பக்கமாகச் சுமை விழுகிறதே, அதுவும் முறுக்குவிசையை அளக்கும் டார்க் சென்சாரில் கால் அழுத்தமாகப் பதிகிறதா? இரண்டு காலையும் அளக்கிறீர்களா, இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறீர்களா? என் வலது முழங்கால் பலவீனம், எடை இடது காலில்தான் கூடுதலாக விழும். சராசரி போடும்போது, இறக்கத்தில் மிதிக்காமல் வரும் நேரத்தைச் சேர்க்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா? விட்டால் சராசரி தானாகவே ஏறிவிடும். திரையில் வருவது எத்தனை நொடியின் கணக்கு? இதில் ஒரு கேள்விக்குக்கூடக் கையேட்டில் பதில் இல்லை.

முடியாத விஷயத்தைக் கேட்கிறேன் என்றும் யாரும் சொல்ல முடியாது. முறுக்குவிசையை மிதிக்கும் கோண வேகத்தால் பெருக்கினால் வாட். 30 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 188 வாட், பள்ளிக்கூடக் கணக்கு. பெடலைத் தாங்கும் கையான கிராங்கில், வளைவை உணரும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளக்கும் கருவியை இதே ஜெர்மனியில் உல்ரிஷ் ஷோபரர் என்ற பொறியாளர் 1986-லேயே கொண்டுவந்துவிட்டார். நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் கால் அழுத்தத்தை அளப்பதாக நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். டர்போவில் 340 சதவீதம் உதவி என்று அச்சடிக்கிறீர்கள். எதில் 340 சதவீதம்? என் காலின் திறனில்தானே? அந்த அடிப்படை எண்ணே வழிகாட்டுதலுக்கு மட்டும் என்றால், அந்த 340-ஐ எதை வைத்து அச்சடித்தீர்கள்?

இன்னொன்று. "வண்டியை ஆன் செய்யும்போது பெடலில் கால் வைக்காதீர்கள்" என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நொடியில் சென்சார் பூஜ்யம் பிடிக்கிறது, அதாவது கால் படாத நிலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? மைனஸ் 3 டிகிரி நிலவறையில் இருந்து வண்டியை எடுத்து ஆன் செய்கிறேன், கால் மணி நேரத்தில் மோட்டார் சூடாகிறது. குளிரில் பிடித்த பூஜ்யம் சூட்டில் நகரும். பந்தயப் பெடலில் நடுவழியில் நின்று ஒரு பொத்தானை அழுத்திப் பூஜ்யத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறான் அந்தப் பையன். எனக்கு அந்தப் பொத்தானைத் தர என்ன தடை?

அந்த மாதிரிப் பெடலையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். பல நூறு யூரோ. அதைக்கூட விடுங்கள், அவர் காட்டியது ஷூவை உள்ளே பூட்டிக்கொள்ளும் வகை. ரத்தம் உறையாமல் இருக்க நான் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். காய்கறி நறுக்கும்போது விரலில் பட்டாலே அரைமணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கால் பூட்டிய நிலையில் சிக்னலில் சாய்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

எந்தப் பொருளை வாங்கினாலும் இப்போது இந்த வாசகம்தான். தூக்கம் அளக்கும் கடிகாரம், கொழுப்பு அளக்கும் எடை மெஷின், நடை எண்ணும் மோதிரம், எல்லாவற்றிலும் முன்பக்கம் பெரிய எழுத்தில் எண், பின்பக்கம் பொடி எழுத்தில் "வழிகாட்டுதலுக்கு மட்டும்". எங்கள் ஊர் மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும், இந்த ஊர் சந்தைத் தராசுக்கும் முத்திரை வேண்டும். கால் கிலோ வெங்காயத்துக்கு இருக்கிற அக்கறை மனுஷன் உடம்புக்கு இல்லையா? 2023-ல் ஜெர்மனியில் விற்ற புது சைக்கிள்களில் பாதிக்கு மேல் இ-பைக். வாங்குகிறவர்களில் என்னைப் போல இதய நோயாளிகள் எத்தனை பேர், முழங்கால் மாற்றியவர்கள் எத்தனை பேர், டாக்டர் சொல்லி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நிறுவனத்தில் யாராவது யோசித்தார்களா? வாசகத்தைப் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று எப்படி உட்கார முடிகிறது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மோட்டாரில் எனக்குக் குறையில்லை. அது இல்லாவிட்டால் நான் இந்த ஊர் மேடுகளைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டேன். வண்டியை மருத்துவக் கருவியாக மாற்றச் சொல்லவும் இல்லை. நீங்கள் காட்டும் எண் எவ்வளவு சரி என்று சொல்லுங்கள் என்றுதான் திரும்பவும் கேட்கிறேன். ஒவ்வொரு உதவி நிலையிலும் எவ்வளவு பிழை வரும் என்று கையேட்டில் ஒரு வரி. பூஜ்யம் பிடிக்க ஒரு பொத்தான். என் கால் திறனை மோட்டார் திறனோடு கலக்காமல் தனியாகப் பதிவு செய்யும் ஒரு கோப்பு, டாக்டரிடம் காட்ட.

அப்புறம், திரையில் முறுக்குவிசையை நேரடியாகக் காட்டும் ஒரு பக்கம் வேண்டும். கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பெடலில் 10 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டால் 170 மில்லிமீட்டர் கிராங்குக்கு 16.7 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். இங்கே ஈழத்துக் கடையில் வாங்கிய பாஸ்மதிப் பை வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது. சமையலறைத் தராசில் பகுதி பகுதியாக நிறுத்துச் சரிபார்த்து நானே சோதித்துக்கொள்வேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிடுங்கள்.

அடுத்த ஈசிஜி மார்ச் மாதம். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போவேன். தயவுசெய்து இந்த முறை பதிலை ஒரு மனிதர் எழுதட்டும்.

நன்றியுடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
ஸ்டுட்கார்ட்